மேசைமேற் போரும் நடுவர் தீர்ப்பும்

போர் என்னுஞ் சொல்லைக் கேட்டவுடன் நம்மவர் உள்ளத்தில் விளையாட்டு நினைவு எழுவதில்லை. குண்டு வீச்சும், அரிசிப் பஞ்சமும், போனவர் திரும்பாத வீடுகளுமே நினைவுக்கு வருகின்றன. ஆயினும், போரை மேசையின்மேல் வைத்து, ஈயத்தாலும் மரத்தாலுஞ் செய்த சிறு உருவங்களைக்கொண்டு ஆடிப் பார்க்கும் ஒரு கலை ஐரோப்பாவில் தோன்றி, இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக வளர்ந்து வந்திருக்கிறது. இதனைப் படைத்தோர் வீண்பொழுது போக்கியவரல்லர். பள்ளி ஆசிரியர், அரசாங்க உத்தியோகஸ்தர், பீரங்கிப்படை இளைஞர், நாவலாசிரியர் எனப் பலதிறத்தார் அவர்.

அவர்கள் விட்டுச்சென்ற விதிகளையும் வரலாற்றையும் முன்வைத்துக்கொண்டு, அவர்களை எதிரே அமர்த்திப் பேசுவதேபோல் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்க விரும்புகிறோம். "ஐயா, உங்கள் மேசையில் இறுதிச் சொல் யாருடையது? ஆடுகிறவரின் பதவிக்கா, உண்மைக்கா?" என்பதே அக்கேள்வி. அவர்தம் செயல்களே நமக்கு விடையாகும். அவ்விடை நம்மையும் தொடுவதொன்று என்பது போகப்போக விளங்கும்.

சதுரங்கம் இந்தியாவிற் பிறந்த ஆட்டம் என்பதை வாசகர் அறிவர். யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைச் சேனையே அதன் பொருள். அது பாரசீகத்திற்கும் அரபு நாடுகட்குஞ் சென்று, பின்னர் ஐரோப்பாவை அடைந்தது. 1780ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பிரன்ஸ்விக் நகரில் ஹெல்விக் என்னும் ஆசிரியர், அதனையே அடிப்படையாகக்கொண்டு ஒரு போர் விளையாட்டை வெளியிட்டார். கணிதமும் இயற்கை நூலுங் கற்பித்த அவர், சதுரங்கத்தின் 64 கட்டங்களை 1,617 கட்டங்களாகப் பெருக்கினார். மலைக்குச் சிவப்பு, நீருக்கு நீலம், காட்டுக்குக் கரும்பச்சை என நிலத்திற்கு நிறங்கொடுத்தார். படைத்தொழிலுக்குச் செல்லும் இளைஞர் சலிப்பின்றிப் போர்முறை கற்கவேண்டும் என்பதே அவர் நோக்கம்.

நம் கேள்விக்கு ஹெல்விக் தரும் விடை, "விதிக்கே இறுதிச் சொல்" என்பதாகும். தற்செயலுக்கு இடமே இருத்தலாகாதென அவர் கருதினார். கணித ஆசிரியரல்லரோ! ஆனால், மெய்யான போரில் மழை பெய்யும். கடிதம் வழி தவறும். துப்பாக்கி குறி தவறும். ஒரு காய் மற்றொரு காயை முழுதும் வெட்டியெறிவதுபோல், ஒரு படை மற்றொரு படையை நொடியில் இல்லாமற் செய்துவிடுவதுமில்லை. ஹெல்விக்கின் போர் ஒழுங்கானது. அவ்வொழுங்கே அதன் குறையுமாயிற்று.

அடுத்து, பிரஷ்ய நாட்டின் ரைஸ்விட்ஸ் குடும்பத்தாரிடஞ் செல்வோம். தந்தை, பிரெஸ்லோ நகரில் அரசாங்க உத்தியோகம் வகித்தவர். அவர் கட்டங்களைத் துறந்து, மணலிற் குன்றும் ஆறும் அமைத்துப் போர் நிகழ்த்தினார். இச்செய்தி இளவரசர் வாயிலாக மூன்றாம் பிரெடரிக் வில்லியம் மன்னருக்கு எட்டியது. மன்னர் முன்னிலைக்கு மணற்குவியல் தகாதென்று எண்ணிய ரைஸ்விட்ஸ், அழகிய மேசையொன்றைச் செய்வித்து 1812இல் ஒப்படைத்தார். மலையும் காடும் ஊரும் வரையப்பெற்ற பலகைகளை விரும்பியவாறு மாற்றியடுக்கலாம். படைக்காய்களை வைக்க இழுப்பறைகளும் உண்டு. அரச குடும்பம் அதில் ஆடி மகிழ்ந்தது. எனினும் அது அரண்மனைப் பொருளாகவே நின்றது.

அதனை அரண்மனையிலிருந்து வெளிக்கொணர்ந்தவர் அவர் மகன். பீரங்கிப்படையில் இளநிலை அதிகாரியாயிருந்த இவ்விளைஞர், 1824இல் புதிய விதிநூலை வெளியிட்டார். மேசைக்குப் பதிலாக நிலப்படம் வந்தது. படத்தின் ஓர் அடி மெய்ந்நிலத்தின் 8,000 அடிக்குச் சமம். சிவப்பும் நீலமுமாகிய ஈயக்காய்கள் இரு படைகளைக் குறித்தன. ஒவ்வொரு முறையும் 2 நிமிஷப் பொழுதைக் குறிக்கும். துப்பாக்கியும் பீரங்கியும் எவ்வளவு தூரத்தில் எத்தனை பேரை வீழ்த்தும் என்பதற்கு மெய்யான சோதனைக் கணக்குகளை ஆதாரமாக்கி, அதன்மேற் பகடையையுஞ் சேர்த்தார். தற்செயலும் போரின் ஒரு பகுதியே என்பதை இவர் ஒப்புக்கொண்டார்.

இவை யாவினும் பெரிய புதுமை நடுவரே. ஆடுவோர் தம் உத்தரவுகளை நடுவரிடம் எழுதிக்கொடுக்கவேண்டும். எதிரியின் கண்ணுக்குத் தெரியும் படைகளை மட்டுமே அவர் படத்தின்மேல் வைப்பார், மறைந்திருப்பவை மறைந்தேயிருக்கும். இழப்பு இவ்வளவு என அவர் தீர்ப்பளித்தால், ஆடுகிறவர் இளவரசராயினும் ஏற்கவேண்டியதுதான். பிறப்பாலும் பட்டத்தாலும் மனிதனை அளந்த ஒரு நாட்டில், அம்மேசையைச் சுற்றியாவது அளவுகோல் மாறிற்று.

படையின் தலைமைக் குழுவுக்குத் தலைவராயிருந்த மூப்ளிங் முன்னிலையில் இவ்வாட்டம் நடத்திக் காட்டப்பட்டது. சேனாதிபதி முதலில் ஆர்வமின்றியே அமர்ந்தாராம். ஆட்டம் வளர வளர அவர் மனம் மாறியது. இது விளையாட்டன்று, போருக்கேற்ற பயிற்சியே என்று வியந்து, படை முழுவதற்கும் இதனைப் பரிந்துரைத்தார். ஆனால், புகழ் வந்த வழியே பொறாமையும் வந்தது. இளநிலை அதிகாரிகள் சேனாதிபதிகளைப்போல் ஆடிப் பழகினால் அவர்கட்குத் தலைக்கனம் ஏறிவிடும் என்று முணுமுணுத்தோரும் உண்டு. ரைஸ்விட்ஸ் டோர்காவ் என்னும் ஊருக்கு மாற்றப்பட்டார். அதனைத் தண்டனையாகவே கருதி மனமுடைந்த அவர், 1827இல் தம் கையாலேயே உயிரை மாய்த்துக்கொண்டார். "இறுதிச் சொல் நடுவருடையது" என்று மேசையில் நிலைநாட்டிய இளைஞருக்கு, மேசைக்கு வெளியே அத்தகைய நடுவர் ஒருவருங் கிடைக்கவில்லை! அவர் படைப்போ வாழ்ந்தது. 1870-71இல் பிரஷ்யா பிரான்சை வென்றபின், மற்ற நாட்டுப் படைகளும் அவ்விளையாட்டைத் தேடிக் கற்றன.

நிற்க. படைவீடுகளில் வளர்ந்த இக்கலையை இல்லங்களுக்குள் அழைத்துச் சென்றவருள் முதன்மையானவர் ஆங்கில நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ். 1913இல் அவர் வெளியிட்ட 'லிட்டில் வார்ஸ்' என்னும் சிறு நூல், ஈயச் சிப்பாய்களைக்கொண்டு தரையில் ஆடும் போருக்கு விதி வகுத்தது. சுருள்வில்லால் மரக்குச்சியை எறியும் பொம்மைப் பீரங்கியே அங்குப் பகடை. அதன் குறி தப்பாமல் வீழ்த்தப்பட்ட சிப்பாய் செத்தவனாகக் கருதப்படுவான். 12 வயது முதல் 150 வயது வரையுள்ள சிறுவர்க்கும், சிறுவர் ஆட்டத்தை விரும்பும் அறிவுமிக்க பெண்கட்கும் உரியதென அவர் முகப்பிலேயே நகைச்சுவையாகக் குறித்தார். பெண்களை ஏதோ விதிவிலக்காகச் சேர்த்துக்கொண்டது வெல்ஸின் அறிவுக்கு அழகன்று; அதற்குக் காலமே பின்னர் விடை கூறியது.

வெல்ஸ் போர்வெறியரல்லர். இவ்வாட்டத்தைச் சிலமுறை ஆடிப் பார்த்தவன், மெய்யான பெரும்போர் எத்துணைத் தடுமாற்றம் நிறைந்த மூடச் செயல் என்பதை உணர்வான் என்றார். போருக்குத் துடிக்கும் மன்னரையும் பீதி கிளப்புவோரையும் பெரியதொரு மண்டபத்தில் பொம்மைச் சேனைகளோடு விட்டுவிட்டு, உலகம் தன் வேலையைப் பார்க்கட்டும் என்பதும் அவர் கருத்து. என் செய்வது! மறு ஆண்டே, 1914இல், பெரும்போர் மூண்டது. அதே வெல்ஸ், இது போரையே ஒழிக்கும் போர் என்று எழுதலானார். ஈயச் சிப்பாயைக்கொண்டு போரின் மடமையைக் காட்டியவரையே போரின் வேகம் இழுத்துச் சென்றது. அப்போர் போரை ஒழிக்கவில்லை. 1946இல் மறைந்த அவர் அதனினுங் கொடிய மற்றொன்றையுங் கண்டார்.

அவ்விரண்டாம் போரின் நடுவே, 1942இல், இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகரில் நிகழ்ந்தது கேளீர். ஜெர்மன் நீர்மூழ்கிகள் அட்லாண்டிக் கடலில் சரக்குக் கப்பல்களை வரிசையாக மூழ்கடித்துக்கொண்டிருந்தன. காசநோயால் கடற்படையினின்றும் ஓய்வு பெற்றிருந்த கில்பர்ட் ராபர்ட்ஸ் மீண்டும் அழைக்கப்பட்டார். கடற்படை மகளிர் பிரிவைச் சேர்ந்த இளம்பெண்களைத் துணைக்கொண்டு, ஓர் அறையின் தரையையே கடலாக்கினார். சிறு மரக்கப்பல்கள் நகர்ந்தன. சுண்ணக்கட்டியால் அவற்றின் வழிகள் வரையப்பட்டன. நீர்மூழ்கிகள் வெளியிலிருந்து தாக்குகின்றன என்னும் எண்ணம் தவறு, கப்பற்கூட்டத்தின் உள்ளேயே புகுந்து தாக்குகின்றன என்பதை அவ்வாட்டம் வெளிப்படுத்தியது. ஜீன் லெய்ட்லா, ஜேனட் ஓக்கெல் ஆகிய மங்கையர் புதிய எதிர்ப்பு முறைகளை வகுப்பதிற் பெரும்பங்கு கொண்டனர். முன்னைய போரில் நீர்மூழ்கித் தலைவராய்ப் புகழ்பெற்ற மாக்ஸ் ஹார்ட்டன், அத்தரையில் ஓக்கெலை எதிர்த்தாடி மீண்டும் மீண்டுந் தோற்றார். தோற்றவர் சினந்து அவ்வறையை மூடிவிடவில்லை, கற்றுக்கொண்டார். பெண்ணென்றும் இளையவளென்றும் பாராமல் உண்மையை ஏற்றமையால், எத்தனையோ மாலுமிகள் கரை சேர்ந்தனர்.

இதற்கு மாறான காட்சியை ஜப்பானிற் காண்கிறோம். 1941 கோடையில், தோக்கியோவில் முழுப்போர் ஆராய்ச்சிக் கழகத்தில், அரசாங்க இலாகாக்களிலிருந்தும் படைகளிலிருந்தும் பொறுக்கியெடுக்கப்பட்ட இளைஞர்கள் கற்பனை மந்திரிசபையொன்றை அமைத்து, அமெரிக்காவுடன் போர் மூண்டால் என்னாகும் என்று மேசைமேல் ஆடிப் பார்த்தனர். எண்ணெயையும் கப்பல்களையும் கணக்கிட்டனர். தொடக்கத்தில் வெற்றி, பின்னர் நீண்ட போர், இறுதியில் தோல்வி என்பதே அவர்கள் கண்ட முடிவு. ஆகஸ்டு மாதத்தில் அதனை மெய்யான மந்திரிகளின் முன்னிலையிற் படித்தனர். அப்போது தரைப்படை மந்திரியாயிருந்த டோஜோ, இது வெறும் மேசைமேற் பயிற்சியே, மெய்ப்போர் வேறு என்று ஒதுக்கிவிட்டார். அக்டோபரில் அவரே பிரதம மந்திரியானார்.

1942 மே மாதத்தில் யமாட்டோ போர்க்கப்பலில் மிட்வே தாக்குதலை ஆடிப் பார்த்தபோதும் இதுவே நடந்தது. பகடையின்படி எதிரியின் குண்டுகள் 9 தாக்கி, விமானந்தாங்கிக் கப்பல்கள் இரண்டு மூழ்கின என நடுவர் தீர்ப்பளித்தார். தலைமை வகித்த உகாக்கி 9ஐ 3 ஆகக் குறைத்தார். மூழ்கிய ஒரு கப்பலைச் சிறுசேதம் என்றாக்கினார். மற்றதும் அடுத்த ஆட்டத்தில் உயிர்பெற்று வந்தது! ஜூன் மாதத்தில் மெய்யான கடலில் அத்தகைய கப்பல்கள் நான்கு மூழ்கின. அவற்றை எந்த உத்தரவும் மீட்கவில்லை.

தோழர்களே! தோக்கியோ மேசையில் ஒதுக்கப்பட்ட அத்தீர்ப்பு, 1941 டிசம்பர் 8ஆம் நாள் கோத்தபாருக் கரையில் நம் வாசலுக்கே வந்துவிட்டது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அதன்பின் சயாம்-பர்மா ரயில்பாதைக்கென நம் தோட்டங்களினின்றும் பல்லாயிரந் தமிழர் கொண்டுசெல்லப்பட்டனர். வாந்திபேதியும் மலேரியாவும் பட்டினியும் அவர்களைத் தின்றன. எத்தனையோ லயங்களில் அடுப்பு மீண்டும் எரியவில்லை. அவ்விளைஞர்களின் கணக்கில் எண்ணெய்க்கு இடமிருந்தது, கப்பலுக்கும் இடமிருந்தது. பால்மரத் தொழிலாளிக்கு அம்மேசையில் ஒரு காய்கூட இருந்ததாகத் தெரியவில்லை. ஆயினும் அத்தீர்ப்பை ஒருவர் புறக்கணித்ததற்கு விலை கொடுத்தவருள் அவனும் ஒருவன்.

ஆகவே, மேசைமேற் போர் நல்லதா தீயதா என்று கேட்பதாற் பயனில்லை. அஃது ஒரு கருவி. நடுவரின் சொல்லுக்குத் தலைவணங்குவோர் கையில் அது உயிர் காத்தது. தீர்ப்பைத் தம் விருப்பத்திற்கேற்பத் திருத்தியோர் கையில் வெறுஞ் சடங்காயிற்று. நம் சங்கங்களில் கணக்குக் கேட்கும் இளைஞனைத் தலைவர் "நீ சிறுவன், உட்கார்" என்று அடக்கும்போதும், மகள் சொல்லும் நியாயத்தைத் தந்தை கேளாதபோதும், நாமும் பகடையைத் திருப்பி வைத்தவர்களே ஆகிறோம். முப்பத்துமூன்று வயதளவில் மாண்ட ரைஸ்விட்ஸ் கேட்டது பெரிதொன்றுமில்லை: ஆடுகிறவர் யாராயினும் தீர்ப்பை மாற்றக்கூடாது என்பதே. அவ்வொரு விதியையேனும் நம் வீட்டிலும் சங்கத்திலும் கடைப்பிடிக்கத் தொடங்குவோமாக.