முன்னறிவுக்கேற்பக் கற்பித்தல்

ஒரு வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணாக்கர் யாவரும் ஒரே அளவு கற்று வந்தவரல்லர் என்பதை உணர்ந்து, அவரவர் ஏற்கெனவே பெற்றுள்ள அறிவைச் சோதித்தறிந்து, அவ்விடத்திலிருந்தே பாடத்தைத் தொடங்கும் போதனா முறை இது. பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் அன்னமும் பசுவும், மண்ணும் கிளியும், ஓட்டைக்குடமும் பன்னாடையும் போல்வார் என மாணாக்கரைத் தரம் பிரித்ததோடு, கொள்வோனின் கிரகிக்கும் சக்தியறிந்து கொடுத்தலை ஆசிரியரின் கடமையாகவும் விதித்தார். அவ்வுவமைகள் சுபாவத்தைச் சுட்டுவன. முன்னறிவோ பிள்ளை நேற்றுவரை எதைக் கற்றது என்பதைப் பொறுத்தது. கற்றதன் குறைவைச் சுபாவத்தின் குறைவாகக் கொண்டு ஒரு குழந்தையைக் கைவிடுவதைப் போன்ற அநீதி பள்ளிக்கூடத்தில் வேறில்லை.

திண்ணைப் பள்ளியில் மூத்த பிள்ளை இளையவனுக்கு மணலில் எழுத்துப் பழக்கியது இம்முறையின் பழைய வடிவமாகும். 1789-இல் சென்னை எழும்பூர்ச் சிறுவர் காப்பகத்தின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் பாதிரியார் இதைக் கண்டு கைக்கொண்டதனால், இங்கிலாந்திலும் ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் இது பரவியது.

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் பிரதேசத்தில் இதன் அவசியம் தெளிவாகத் தெரியும். வடகிழக்குப் பருவமழையொன்றையே நம்பிய பருத்தி, உளுந்துக் காடுகளும், சாத்தூர், சிவகாசி வரை பரவிய தீப்பெட்டி ஆபீசுகளும் ஒரு காலத்தில் பிள்ளைகளைப் பள்ளிக்கு விடாது வேலைக்கு இழுத்தன. 1988-இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகள், அவர்களை மீட்டு, எழுத்தறிவித்துப் பொதுப்பள்ளிக்கு அனுப்பின. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, பள்ளி காணாத பிள்ளையை வயதுக்குரிய வகுப்பிலேயே சேர்த்து, விட்டுப்போனதை ஈடுசெய்யத் தனிப்பயிற்சியும் அளிக்குமாறு விதிக்கிறது. குரோஸ் கணக்கில் பெட்டி ஒட்டிக் கூலி வாங்கிய பத்து வயதுச் சிறுமிக்கு, பன்னிரண்டு டஜன் 144 என்பது வாய்ப்பாடு காணாமலே கைவந்த அறிவு. ஆனால் தன் பெயரை எழுத அவளுக்கு வராது. கணக்கில் அவளை முன்வரிசையிலும் மொழியில் அகரத்திலும் தொடங்குவிப்பவரே நல்லாசிரியர். வீட்டில் தெலுங்கு பேசும் குழந்தைகளும் இங்குப் பலர் ஆதலின், பாடப்புத்தகத் தமிழைச் சிலர் இரண்டாம் மொழியாகவே எதிர்கொள்கின்றனர். இடைசெவல் கி. ராஜநாராயணன் தொகுத்த கரிசல் வட்டாரச் சொல்லகராதி, இப்பிள்ளைகள் என்னென்ன சொற்களோடு வகுப்புக்கு வருகிறார்கள் என்பதை அறிய ஆசிரியருக்குப் பெருந்துணையாகும்.

ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளியின் அநுபவத்தைத் தழுவி, 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08-இல் தமிழகம் முழுவதும் விரிவடைந்தது. பாடம் சிறு அட்டைகளாகப் பிரிந்து, ஏணியின் படிகளாக அடுக்கப்பட, ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் ஏறியது. 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் இயக்கம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைப்படுத்துகிறது. இந்நிலைகள் பாடந்தோறும் மாறவும், பிள்ளை தேறியவுடன் கடக்கவும் இடமிருந்தாலன்றி அவை வெறும் பெயர்ப்பலகைகளாகிவிடும். ஐந்து வகுப்பை இருவர் தாங்கும் ஈராசிரியர் பள்ளிகளில், அட்டைகளைத் தேடி எடுத்து, ஏற்றத்தைப் பதிவு செய்து, பின்தங்கியவருடன் அமர நேரம் போதாமையே முறையின் மெய்யான இடர்.

இருப்பினும், மழை பொய்த்த ஆண்டில் பெற்றோருடன் பிழைப்புத் தேடிப்போய் மாதங்கள் கழித்துத் திரும்பும் பிள்ளையின்பால் ஏணி காட்டும் கருணை பெரிது: வகுப்பு எவ்வளவு தூரம் போயிருந்தாலும், அவன் விட்டுச்சென்ற அட்டை விட்ட படியிலேயே அவனுக்காக இருக்கும்.