எரிந்த வீடா, விழுந்த வீடா? 1906 சான்பிரான்சிஸ்கோவும் ஒரு காப்பீட்டுச் சரத்தும்

1906 ஏப்ரல் 18 அன்று ஆர்னால்ட் கெந்தே எடுத்த ஒளிப்படத்தைப் பேரிடர் வரலாறு படிப்பவர்களில் பார்க்காதவர் குறைவு. தம் கேமராக்கள் சேதமடைந்துவிட்டதால் ஒரு கடையில் இரவல் பெற்ற கருவியுடன் சான்பிரான்சிஸ்கோவின் சாக்ரமெண்டோ தெருவில் நின்று அதை அவர் எடுத்தார். சரிந்து இறங்கும் தெரு; அதன் கோடியில் வானை மறைக்கும் புகை; நாற்காலிகளில் அமர்ந்து தீயைப் பார்த்திருக்கும் மக்கள். அவர்களின் விசித்திரமான அமைதியைப் பற்றியே பலரும் எழுதுகிறார்கள். படத்தின் ஒரு புறத்தில் ஒரு வீட்டின் முன்சுவர் பெயர்ந்து தெருவில் கொட்டிக் கிடக்கிறது. எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது. பின்னர் தீ அப்பகுதியையும் விழுங்கியது. அவ்வீட்டுக்குத் தீக்காப்பீடு இருந்திருந்தால், நிறுவனம் கேட்டிருக்கக்கூடிய முதற்கேள்வி: இது எரிந்த வீடா, விழுந்த வீடா?

வீட்டுக் காப்பீடு எதை ஈடுசெய்யும் என்ற கேள்வியைப் பொதுவாகப் பொருள்களின் பட்டியலாகவே புரிந்துகொள்கிறோம்: சுவர், கூரை, மரச்சாமான், நகை. காப்பீட்டுப் பத்திரம் அடிப்படையில் காரணங்களின் பட்டியல். ஒரே சுவர் ஒரே நாளில் ஒரு காரணத்தால் இடிந்தால் பணம் உண்டு. வேறொரு காரணத்தால் இடிந்தால் இல்லை. இயற்கையோ காரணங்களைத் தனித்தனியாக அனுப்புவதில்லை.

அக்காலத்தில் அமெரிக்காவில் பரவலாகப் புழங்கிய தீக்காப்பீட்டுப் படிவம் 1886இல் நியூயார்க் மாநிலம் வகுத்த மாதிரியைத் தழுவியது. அதில் ஒரு சரத்து உண்டு. தீயினாலன்றி வேறு காரணத்தால் கட்டடமோ அதன் ஒரு பகுதியோ விழுந்துவிட்டால், அக்கட்டடத்துக்கும் உள்ளிருக்கும் பொருள்களுக்குமான காப்பீடு அக்கணமே முடிவுக்கு வரும். ‘வீழ்ந்த கட்டடச் சரத்து’ என்று அதைக் குறிப்பிடலாம். இடிபாட்டில் தீப்பற்றும் வாய்ப்பு அதிகம், அந்தக் கூடுதல் அபாயத்துக்குத் தாங்கள் பிரீமியம் வாங்கவில்லை என்பது நிறுவனங்களின் தரப்பு. அதில் நியாயம் இல்லாமலில்லை. இதற்கும் மேலாக, அரசு அதிகாரத்தின் ஆணையால் அழிக்கப்படும் கட்டடங்களுக்கு இழப்பீடு இல்லை என்றும் படிவம் கூறியது. சில நிறுவனங்கள் நிலநடுக்கத்தால் நேரடியாகவோ மறைமுகமாகவோ விளையும் எந்த இழப்பையும் ஏற்பதில்லை என்று வெளிப்படையாகவே எழுதியிருந்தன.

அன்று அதிகாலை 5.12க்கு நிலம் நடுங்கியது. எரிவாயுக் குழாய்களும் தண்ணீர்க் குழாய்களும் ஒருங்கே உடைந்தன. முற்பகலில் ஹேய்ஸ் பள்ளத்தாக்குப் பகுதியில் ஒரு பெண் காலை உணவு சமைக்க அடுப்பு மூட்டினார். புகைபோக்கி நடுக்கத்தில் சிதைந்திருந்தது, வீடு பற்றிக்கொண்டது. அத்தீ நகரின் பெரும்பகுதியை அழித்தது. ‘பன்றியிறைச்சி முட்டைத் தீ’ என்ற பெயர் இன்றும் அதற்கு நிலைத்திருக்கிறது. அதன் காரணம் நிலநடுக்கமா, அடுப்பா? தீ பரவாதிருக்கப் படையினரும் தீயணைப்போரும் வெடிவைத்துத் தகர்த்த வீடுகளின் அழிவுக்குக் காரணம் எது? மூன்று நாள்களுக்கு மேல் எரிந்து முடிந்தபோது ஏறத்தாழ 28,000 கட்டடங்கள் இல்லை. நகர மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வீடிழந்திருந்தனர்.

நடுக்கத்தில் சிதைந்த தம் வீடுகளுக்குத் தாங்களே தீவைத்தவர்கள் இருந்தார்கள். படையின் செய்தித்தொடர்புப் பிரிவைச் சேர்ந்த கேப்டன் லியோனார்ட் வைல்ட்மன் இதைப் பதிவுசெய்திருக்கிறார். தீயில் அழிந்தால் மட்டுமே காப்பீட்டுப் பணம் வரும் என்று தங்களுக்குச் சொல்லப்பட்டதாக மக்கள் கூறியதை ஒரு தீயணைப்பு வீரர் அவரிடம் தெரிவித்தார். இது கேட்டதைக் கேட்டு எழுதிய சான்று. இந்த ஒரு குறிப்பை வைத்து நகரமே தனக்குத் தீவைத்துக்கொண்டது போல எழுதும் வெகுசன நூல்களை நான் நம்புவதில்லை. ஆனால் சரத்தின் வாசகத்தைப் படித்தவருக்கு அச்செயல் புரியாததல்ல. சுவர் விழுந்தவுடனேயே காப்பீடு முடிந்துவிட்டது என்பதை அவர்கள் அறிந்திருக்கவில்லை என்பதே அதிலுள்ள துயரம்.

பிறகு தொடங்கியது ஆவணப் போர். தீ வருமுன் கட்டடம் நின்றிருந்தது என்று காட்டும் ஒளிப்படங்களும் அண்டைவீட்டார் சாட்சியங்களும் பணமதிப்புப் பெற்றன. ஃபயர்மேன்ஸ் ஃபண்ட் என்னும் உள்ளூர் நிறுவனத்தின் தலைமையகமும் பதிவேடுகளும் எரிந்துபோயிருந்தன. யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்பதையே பாலிசிதாரர்களைக் கேட்டு அறியவேண்டிய நிலை. கடன் சொத்தை விஞ்சிவிட்டதால் அது பாதியைப் பணமாகவும் பாதியைத் தன் பங்குகளாகவும் கொடுத்தது. டாலருக்கு 75 சென்ட் மட்டும் தந்த நிறுவனங்களுக்கு நகரமக்கள் ஏளனப் பெயர் சூட்டினர். ஜெர்மானிய, ஆஸ்திரிய நிறுவனங்கள் சில நிலநடுக்க விலக்கைக் காட்டிக் கைவிரித்தன. லண்டன் லாயிட்ஸைச் சேர்ந்த கத்பர்ட் ஹீத், பத்திரத்தின் நிபந்தனைகள் எவ்வாறிருப்பினும் முழுத்தொகையையும் கொடுக்கும்படித் தந்தியடித்தார் என்று சொல்லப்படுகிறது; அந்தத் தந்தி லாயிட்ஸுக்கு அமெரிக்காவில் பல பத்தாண்டுகளுக்கான நற்பெயரை ஈட்டித்தந்தது. காப்பீட்டாளர்கள் கொடுத்த மொத்தத் தொகை ஏறத்தாழ 23.5 கோடி டாலர் என்பது பலரும் எடுத்தாளும் மதிப்பீடு. பிரிட்டிஷ் நிறுவனங்களின் பங்கு லண்டனிலிருந்து தங்கமாக வெளியேறியது; 1906 அக்டோபரில் இங்கிலாந்து வங்கி வட்டி விகிதத்தை 6 சதவீதமாக உயர்த்தியது. 1907ஆம் ஆண்டின் அமெரிக்க நிதி நெருக்கடிக்கு இதுவும் ஒரு காரணம் என்று பொருளியல் வரலாற்றாசிரியர்கள் ஓடெல், வைடன்மியர் வாதிட்டுள்ளனர்.

மாணவ நண்பர்கள் கவனிக்கவேண்டியது இனித்தான் வருகிறது. சான்றுகளே இந்தச் சரத்தின் நிழலில் உருவானவை. வீட்டுக்காரருக்குத் தீயே ஆதாயமான காரணம். நகர வணிகர்களுக்கும் அப்படியே; தீ எந்த நகரிலும் வரும், நிலநடுக்கமோ முதலீட்டாளரை விரட்டும். ஆகவே பேச்சிலும் அச்சிலும் ‘பெருந்தீ’ என்ற பெயரே ஊக்குவிக்கப்பட்டது. மறுதரப்பில், விழுந்த சுவர்களை எண்ணிப் பதிவுசெய்யும் நோக்கம் காப்பீட்டு ஆய்வாளர்களுக்கு இருந்தது. இந்த அழுத்தங்களுக்கு அப்பால் நின்ற ஆவணம் புவியியலாளர் ஆண்ட்ரூ லாசன் தலைமையிலான குழுவின் 1908ஆம் ஆண்டு அறிக்கை. அது அரசுப் பணத்தில் அல்ல, கார்னெகி நிறுவனத்தின் ஆதரவில் வெளிவந்தது. உயிரிழப்பும் இதே மங்கலில் சிக்கியது. நெடுங்காலம் ஐந்நூறுக்குக் கீழே சொல்லப்பட்ட எண்ணிக்கை, நூலகர் கிளாடிஸ் ஹேன்சனின் பல்லாண்டு உழைப்புக்குப் பின்னரே 3,000க்கு மேல் என்று திருத்தப்பட்டது.

1950இல் அமெரிக்காவில் தீ, திருட்டு, பொறுப்புடைமை ஆகியவற்றை ஒன்றிணைத்த வீட்டுரிமையாளர் பத்திரம் சந்தைக்கு வந்தது. நிலநடுக்கமும் வெள்ளமும் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டன. வெள்ளத்துக்கு 1968இல் கூட்டாட்சி அரசின் தனித்திட்டம் வந்தது; 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் கையைச் சுட்டுக்கொண்ட நிறுவனங்கள் பின்வாங்கவே, 1996இல் கலிபோர்னியா தனியே ஒரு நிலநடுக்கக் காப்பீட்டு அமைப்பை ஏற்படுத்தியது. நிலநடுக்கத்தைத் தொடர்ந்து வரும் தீயை வழக்கமான பத்திரமே ஈடுசெய்யவேண்டும் என்பது அம்மாநிலத்தில் இன்றும் நீடிக்கும் நிலை. ஆனால் 1980களிலிருந்து வேறொரு வாசகம் பரவியது: விலக்கப்பட்ட காரணம் சங்கிலியில் எங்கேனும் கலந்திருந்தால், மற்றக் காரணங்கள் எவையாயினும் இழப்பீடு இல்லை. 2005 கத்ரீனாவுக்குப் பின் மிசிசிப்பிக் கடற்கரையில் அடித்தளம் மட்டுமே எஞ்சிய வீடுகளின் உரிமையாளர்கள், காற்றா கடல்நீரா என்று நீதிமன்றங்களில் வாதாடியது இந்த வாசகத்தை எதிர்த்துத்தான்.

இந்தியாவில் 2021 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள ‘பாரத் கிருக ரக்‌ஷா’ என்னும் வீட்டுப் பத்திரம் 1906இன் சிக்கலை ஒரு வகையில் கடந்துவிட்டது. தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம், நிலச்சரிவு எல்லாம் ஒரே பத்திரத்தில் அடங்குகின்றன. ஆயினும் திருட்டு அதன் அடிப்படைப் பாதுகாப்பில் ஓர் எல்லைக்குள்தான் வருகிறது: அத்தகைய நிகழ்வு ஒன்றையடுத்த 7 நாள்களுக்குள் நடந்திருக்கவேண்டும். சாதாரண நாளில் பூட்டை உடைத்துப் புகுந்தவனுக்கு அங்கே இடமில்லை. மனையின் விலையும் சேராது.

நிலம் தாழ்தலும் பட்டியலில் உண்டு. ஆனால் நிரப்பிய மண்ணின் அசைவு, ஆற்றரிப்பு, குறையான கட்டுமானம், அகழ்வுப் பணி ஆகியவற்றால் நேரும் தாழ்வுக்கு இழப்பீடு இல்லை. 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் 800க்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல் கண்டது. ஊர் பழைய நிலச்சரிவின் சிதைவுகள்மேல் அமர்ந்திருக்கிறது என்று 1976லேயே மிஸ்ரா குழு எழுதியிருந்தது. மக்கள் நீர்மின் திட்டத்தின் சுரங்கப்பாதையைச் சுட்டினர். திட்ட நிறுவனம் மறுத்தது. வடிகால் இல்லாமையைச் சிலரும் அளவுமீறிய கட்டுமானத்தைச் சிலரும் சுட்டினர். அங்கே ஒரு வீட்டுக்கு இப்பத்திரம் இருந்திருந்தால், இவற்றுள் எந்த விளக்கம் ஏற்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே காசோலை வந்திருக்கும், அல்லது வராமலிருந்திருக்கும்.