இந்துமதி கதிரேசன்

இந்துமதி கதிரேசன் (பிறப்பு: 1994) கடலூரைச் சேர்ந்த இந்திய மகளிர் காற்பந்து வீராங்கனை ஆவார். நடுக்கள ஆட்டக்காரரான இவர், தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் பணியில் சேர்ந்தார். இந்தியாவில் பெண்கள் காற்பந்தை மட்டும் நம்பி வாழ்வது கடினம். நிலையான வேலையே பலரை ஆடுகளத்தில் நிறுத்துகிறது.

2018-இல் மணிப்பூரை 2-1 என வென்று தமிழ்நாடு முதன்முறையாகத் தேசிய மகளிர் பட்டம் பெற்றபோது, அணியில் இவரும் இருந்தார். 2019-இல் இவர் ஆடிய மதுரையின் சேது எஃப்சி இந்திய மகளிர் லீக்கை வென்றது. அதே ஆண்டு நேபாளத்தின் பிராட்நகரில் நடைபெற்ற தெற்காசியப் போட்டியில் வாகை சூடிய இந்திய அணியிலும் விளையாடினார்.

2020 கொரோனா ஊரடங்கில் ஆட்டங்கள் நின்றன. அப்போது சென்னையில் காவல் சீருடை அணிந்து பணியாற்றினார். மீண்டும் களம் திரும்பி, 2022 ஆசியக் கோப்பைக்கான இந்திய அணியில் இடம்பிடித்தார்.