மௌனப் பிழையும் பொய்ப் பிழையும்: கணினி வலைகளின் வரலாற்றில் ஒரு திருப்பம்

அணுகுண்டு யுத்தத்தின் அச்சம் உலகை வாட்டிய 1960களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் ராண்ட் ஸ்தாபனத்தில் பணியாற்றிய பால் பேரன், தொலைபேசி இணைப்பகங்களுள் முக்கியமான சிலவற்றைச் சத்துரு தகர்த்துவிட்டால் தேசத்தின் செய்திப் போக்குவரத்து முழுவதும் ஸ்தம்பித்துவிடுமே என்ற கவலையிலிருந்து தம் ஆராய்ச்சியைத் தொடங்கினார். மையமென்று ஒன்றும் இல்லாமல் ஒவ்வொரு கணுவும் பல கணுக்களோடு பின்னிக் கிடக்கும் ஒரு வலையில், செய்தியைச் சிறு துண்டுகளாக்கி, எவ்வழி திறந்திருக்கிறதோ அவ்வழியே செலுத்தலாம் என்னும் திட்டத்தை அவர் 1964-ல் பல தொகுதிகளாக வெளியிட்டார். இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் டொனால்ட் டேவிஸ் இதனை அறியாமலே ஏறத்தாழ இதே முடிவுக்கு வந்து சேர்ந்தார். இவ்விருவரின் சிந்தனையும் 1969-ல் ஆர்ப்பாநெட் என்னும் வலையில் உருப்பெற்றது பலரும் அறிந்த கதை. அதிகம் கவனிக்கப்படாதது வேறொன்று: பேரனுடைய கணக்கில் ஒரு கணு இயங்கும், அல்லது அழிந்துபோகும்; இது மௌனப் பிழை. இயங்கிக்கொண்டே தவறான செய்தியைப் பரப்பும் கணுவின் பொய்ப் பிழையைப் பற்றிய கவலை அங்கே முதன்மை பெறவில்லை.

அக்கவலைக்கு முதல் எச்சரிக்கை ஆர்ப்பாநெட்டில் எழுபதுகளிலேயே வந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலிருந்த ஐ.எம்.பி. என்னும் இடைநிலைக் கணினியின் நினைவகம் பழுதுற்று, எவ்விடத்திற்கும் தன்னிடமிருந்து தூரம் பூஜ்யமே என்று அது அறிவிக்க, அண்டை யந்திரங்கள் அதை நம்பி எல்லாப் போக்குவரத்தையும் அதன் பக்கமே திருப்பிவிட்டன. இதைவிட விபரீதமானது 1980 அக்டோபர் 27-ல் நேர்ந்தது. ஒவ்வொரு ஐ.எம்.பி.யும் தன் இணைப்புகளின் நிலையை அவ்வப்போது அறிக்கையாக வலை முழுவதும் பரப்புவது வழக்கம். எது புதியது, எது பழையது என்று தெரிவதற்காக அறிக்கைக்கு 0 முதல் 63 வரை ஒரு வரிசை எண் உண்டு. 63-க்குப் பின் மறுபடியும் 0. கடிகார முகப்பில் 12-க்கு அப்பால் 1 பிந்தியதாவதுபோல, சுற்றில் பாதித் தூரத்திற்குள் முன்னால் நிற்கும் எண்ணே புதியது என்பது விதி. அன்று ஒரு யந்திரத்தின் நினைவகம் சில பிட்டுகளை உதிர்த்துவிட்டதால், ஒரே கணுவின் பெயரில் 44, 40, 8 என்னும் மூன்று எண்களோடு அறிக்கைகள் உலவத் தொடங்கின. 44-இன் இரும வடிவில் ஒரு பிட் உதிர்ந்தால் 40. இன்னொன்றும் உதிர்ந்தால் 8. விதிப்படி 8-ஐவிட 40 புதியது, 40-ஐவிட 44 புதியது, 44-ஐவிட 8 புதியது! ஆகவே எந்த அறிக்கையும் பழையதாகிக் கழியவில்லை. ஒவ்வொரு யந்திரமும் மூன்றையும் மாறிமாறி ஏற்று அண்டையாருக்கு அனுப்பிக்கொண்டே இருந்தது. இவ்வறிக்கைகளுக்கே முன்னுரிமை என்றிருந்தபடியால் மற்ற வேலைகளுக்கு நேரமின்றி வலை பல மணி நேரம் செயலிழந்தது. ஒரு யந்திரத்தை நிறுத்தி மறுபடி இயக்கினாலும் பக்கத்து யந்திரம் அதே அறிக்கைகளை அதற்கு ஊட்டிவிடும். குறிப்பிட்ட கணுவின் பெயரில் வரும் அறிக்கைகளை அலட்சியம் செய்யுமாறு மென்பொருளைத் திருத்திய பின்னரே வலை தெளிந்தது. கம்பி வழியே செல்லும் செய்திக்குச் சரிபார்ப்பு இருந்தது. நினைவகத்துக்குள் நேரும் சிதைவுக்கு முழுக் காவல் இல்லை. அடுத்த ஆண்டு எரிக் ரோசன் எழுதிய விளக்க அறிக்கை, வலைப் பொறியியலில் எழுதப்பட்டவற்றுள் மிக நேர்மையான ஆவணங்களில் ஒன்று என்பது என் கருத்து.

அதே 1980-ல், முற்றிலும் வேறு திசையிலிருந்து, பொய்ப் பிழைக்குக் கணித வடிவம் கிடைத்தது. விமானத்தை இயக்கும் கணினிகள் ஒன்று பழுதானாலும் தவறக்கூடாது என்பதற்காக, நாசாவின் ஆதரவில் எஸ்.ஆர்.ஐ. நிறுவனம் சிஃப்ட் என்னும் அமைப்பை உருவாக்கி வந்தது. அங்கே பணியாற்றிய மார்ஷல் பீஸ், ராபர்ட் ஷோஸ்டாக், லெஸ்லி லாம்போர்ட் மூவரும், கையொப்பமிடாத செய்திகளைக்கொண்டு ஒரு பொய்யனைத் தாங்க நான்கு யந்திரங்களேனும் வேண்டும், பொதுவாக m பொய்யர்களுக்கு 3m+1 வேண்டும் என்று நிரூபித்தனர். மூவர் இருக்கையில், மற்ற இருவர் சொல்வது முரண்பட்டால் பொய் யாருடையது என்று மூன்றாமவருக்குத் தெரிய வழியில்லை. 1982-ல் இதையே, துரோகிகள் கலந்த பைசாந்தியத் தளபதிகளின் கதையாக்கினார்கள். லாம்போர்ட் முதலில் அல்பேனியத் தளபதிகளையே நினைத்திருந்தார் என்பதும், உலகெங்கும் அல்பேனியர் உண்டே என்று சக ஊழியர் ஒருவர் தடுத்ததும் சுவையான செய்திகள்.

மௌனப் பிழை மட்டும் எளிதா என்றால், அதுவும் அன்று. செய்தி வந்து சேரக் கால எல்லை இல்லாத வலையில், ஒரேயொரு யந்திரம் ஓசையின்றி நின்றுபோகக்கூடுமானாலும், எந்தத் திட்டவட்டமான வழிமுறையும் ஒருமித்த முடிவை எப்போதும் உறுதியளிக்க முடியாது என்று ஃபிஷர், லிஞ்ச், பேட்டர்சன் மூவரும் 1985-ல் காட்டினர். நின்றுபோனதற்கும் தாமதிப்பதற்கும் வெளியிலிருந்து வேற்றுமை காண முடியாது என்பதே இதன் வேர். ஆகவே நடைமுறையாளர் சமரசம் செய்துகொண்டனர். ஒருமித்த முடிவுக்காக ஓக்கியும் பார்பரா லிஸ்காவும் 1988-ல் தந்த முறையும், 1998-ல் வெளியான லாம்போர்ட்டின் பேக்ஸோஸ் முறையும் யந்திரங்கள் நிற்கலாம், ஆனால் பொய் சொல்லா என்ற அனுமானத்தின்மேல் எழுந்தவை. பொய்யையும் கட்டுப்படியாகும் செலவில் தாங்கலாம் என்று காஸ்ட்ரோவும் லிஸ்காவும் 1999-ல் செய்து காட்டிய பிறகும், பெரிய கணினிக் கூடங்கள் பெரும்பாலும் முந்திய அனுமானத்தையே பற்றி நின்றன. f யந்திரங்களின் வீழ்ச்சிக்கு 2f+1 போதும் என்கையில் 3f+1 வாங்க எவருக்கும் மனம் வருவதில்லை.

வலைத் துறையில் ஆர்ப்பாநெட் சம்பவத்தின் நேரடிப் பயனை ரேடியா பெர்ல்மனிடம் காண்கிறோம். கேடான யந்திரத்தை அகற்றியதும் வலை மனிதத் தலையீடின்றித் தானே சீராக வேண்டும் என்ற நிபந்தனையோடு அறிக்கைப் பரப்பலை அவர் 1983-ல் மறுபடி வகுத்தார். பின்வந்த ஓ.எஸ்.பி.எஃப். நெறி, சுற்றி வரும் எண்களை விட்டு, 32 பிட் நீளமுள்ள நேர்கோட்டு எண்களை மேற்கொண்டது.

ஆயினும் 2008 ஜூலை 20-ல் அமேசானின் எஸ்-3 சேமிப்புச் சேவை பல மணி நேரம் நின்றது. வாடிக்கையாளரின் கோப்புகளுக்குச் சரிபார்ப்பு இருந்தது. சேவையக யந்திரங்கள் தமக்குள் பரிமாறிக்கொண்ட நிலைச் செய்திகளுக்கு அது இல்லை. சில செய்திகளில் ஒரேயொரு பிட் மாறிற்று; செய்தி வாசிக்கத் தக்கதாகவே இருந்தது, பொருள்தான் பிழைபட்டது. அது யந்திரத்துக்கு யந்திரம் தொற்றிப் பரவ, இறுதியில் பொறியாளர்கள் யந்திரங்களுக்கிடையிலான செய்தித் தொடர்பு முழுவதையும் நிறுத்தி, அவை திரட்டி வைத்திருந்த நிலைத் தகவலை அழித்துவிட்டு, மறுபடி இயக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகே நிலைச் செய்திகளுக்கும் சரிபார்ப்பு சேர்க்கப்பட்டது.