செங்கல்பட்டு மாவட்டப் பொழுதுபோக்கு வெளிகளின் வரலாறு

செங்கல்பட்டு மாவட்டத்தில் மக்கள் ஓய்வுக்காகவும் உலாவுக்காகவும் சென்றுவரும் பொதுவெளிகளில் வேடந்தாங்கல், கரிக்கிலி பறவைகள் சரணாலயங்கள், வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா, முட்டுக்காடு படகுத்துறை, கோவளம் கடற்கரை, மாமல்லபுரம் குன்றும் கடற்கரையும் ஆகியவை முதன்மையானவை. காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு, 2019 நவம்பர் 29 முதல் செங்கல்பட்டு தனி மாவட்டமாக இயங்குகிறது. மாவட்டம் புதியது என்றாலும் இவ்விடங்களின் வரலாறு நெடியது. இவற்றுள் பெரும்பாலானவை பொழுதுபோக்குக்காக உருவானவை அல்ல. பாசன ஏரி, காப்புக்காடு, கழிமுகம், மீனவர் கரை, கோயில் எனப் பிற தேவைகளுக்காக இருந்தவையே பின்னாளில் சுற்றுலா இடங்களாயின.

பின்னணி

ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு இம்மாவட்டத்தில் இல்லை. பாலாறு பெரும்பாலான மாதங்களில் வறண்டே கிடக்கும். எனவே வடகிழக்குப் பருவமழை நீரைத் தேக்க முன்னோர் ஏரிகளை வெட்டினர். ஓர் ஏரி நிரம்பி வழியும் நீர் அடுத்த ஏரிக்குச் செல்லும்படி அவற்றைச் சங்கிலித் தொடராக அமைத்தனர். பழைய செங்கல்பட்டு மாவட்டம் 'ஏரிகள் மாவட்டம்' எனப் பெயர் பெற்றது இதனால்தான்.

1763-இல் ஆர்க்காட்டு நவாப் இப்பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக வழங்கினார். 1794 முதல் 1798 வரை இங்கு ஆட்சியராக இருந்த லயனல் பிளேஸ் ஏரிகளைச் செப்பனிடுவதில் அக்கறை காட்டினார். மதுராந்தகம் ஏரி உடையும் நிலையில் இருந்த ஓர் இரவில், இராம இலக்குவர் வில்லேந்திக் கரையைக் காத்து நின்றதை அவர் கண்டார் என்பது ஏரிகாத்த இராமர் கோயிலோடு தொடர்புடைய மரபுக்கதை. வேடந்தாங்கல் வரலாற்றிலும் இதே ஆட்சியரின் பெயர் இடம்பெறுகிறது.

வேடந்தாங்கல்

'தாங்கல்' என்பது தொண்டை மண்டலத்தில் சிறிய பாசன ஏரியைக் குறிக்கும் சொல். மதுராந்தகம் வட்டத்தில் உள்ள வேடந்தாங்கல் ஏரியின் பரப்பு ஏறக்குறைய 30 ஹெக்டேர். ஏரிக்குள் வளர்ந்துள்ள நீர்க்கடம்பு மரங்களில் நாரை, கொக்கு, அரிவாள் மூக்கன், நீர்க்காகம் முதலியவை கூடு கட்டுகின்றன. மரங்களைச் சுற்றி நீர் நிற்பதால் தரைவிலங்குகள் கூடுகளை அணுக இயலாது.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயப் படைவீரர்கள் இங்கு வந்து பறவைகளைச் சுட்டனர். ஊர்மக்கள் ஆட்சியர் பிளேஸிடம் முறையிட்டனர். பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு வழங்கும் 'கவுல்' என்னும் உரிமைப் பத்திரத்தை 1798-இல் அவர் அளித்தார். இவ்வுரிமை 1858-இல் புதுப்பிக்கப்பட்டது. உலகின் முதல் தேசியப் பூங்கா எனக் கருதப்படும் அமெரிக்காவின் எல்லோஸ்டோன் 1872-இல்தான் அறிவிக்கப்பட்டது. அதற்கு 74 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தமிழ்ச் சிற்றூர் தன் ஏரிப் பறவைகளுக்கு எழுத்து வடிவில் பாதுகாப்புப் பெற்றிருந்தது.

ஊராரின் அக்கறைக்கு வேளாண் காரணமும் உண்டு. பறவைகளின் எச்சம் ஏரியில் விழுந்து நீரில் தழைச்சத்தைக் கூட்டுகிறது. அந்த நீர் பாயும் வயல் உரமேறுகிறது. பறவைகளும் சுற்றியுள்ள வயல்களிலும் ஏரிகளிலும் இரை தேடுகின்றன. ஆகவே இங்கே வயலும் பறவையும் ஒன்றையொன்று சார்ந்தவை.

1998-இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் ஆரமுள்ள பகுதி சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அருகிலுள்ள கரிக்கிலி 1989-இல் சரணாலயமானது. 2022-இல் இவ்விரண்டும் ராம்சார் ஈரநிலங்கள் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

மக்கள் பூங்காவிலிருந்து வண்டலூருக்கு

பொழுதுபோக்குக்கென்றே அமைக்கப்பட்ட பூங்காவுக்கு நேர்ந்த கதையைச் சென்னையில் காணலாம். இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் நகரப் பொதுப்பூங்காக்கள் தோன்றின. அதன் தாக்கத்தில், ஆளுநர் சார்லஸ் டிரெவல்யன் காலத்தில், 1859-இல் சென்னையில் 116 ஏக்கர் பரப்பில் 'மக்கள் பூங்கா' அமைந்தது. மருத்துவரும் எழும்பூர் அருங்காட்சியகப் பொறுப்பாளருமான எட்வர்டு பால்ஃபோர் 1855-இல் தொடங்கிய விலங்குக் காட்சிச்சாலை பின்னர் இப்பூங்காவுக்கு மாற்றப்பட்டது.

ஆனால் பூங்கா நிலத்தில் மூர் சந்தை, 1913-இல் திறக்கப்பட்ட மாநகராட்சியின் ரிப்பன் கட்டடம், நேரு விளையாட்டரங்கம் என ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டடங்கள் எழுந்தன. பூங்கா சுருங்கியது. நெரிசலில் சிக்கிய காட்சிச்சாலைக்கு வேறிடம் தேட வேண்டியதாயிற்று.

அவ்விடம் வண்டலூர்க் காப்புக்காட்டில் கிடைத்தது. 1979-இல் 510 ஹெக்டேர் பரப்பில் பணிகள் தொடங்கின. 1985 ஜூலை 24 அன்று முதலமைச்சர் எம். ஜி. இராமச்சந்திரன் பூங்காவைத் திறந்துவைத்தார். பழைய காட்சிச்சாலையின் கூண்டுகளுக்கு மாற்றாக, அகழியால் பிரிக்கப்பட்ட திறந்தவெளி அடைப்புகள் இங்கு அமைக்கப்பட்டன. 2016 டிசம்பரில் வீசிய வர்தா புயலில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. மீண்டும் மரங்கள் நடப்பட்டன.

முட்டுக்காடும் கோவளமும்

முட்டுக்காடு கழிமுகத்தில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1984-இல் படகுத்துறையைத் தொடங்கியது. பக்கிங்காம் கால்வாய் இக்கழிமுகத்தில் கலக்கிறது. சென்னையின் தென்புறநகர் வெள்ளநீர் கடலை அடையும் வழிகளுள் இதுவும் ஒன்று. எனவே முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்டால் படகுச் சவாரிக்கு மட்டுமன்றி வெள்ள வடிகாலுக்கும் இடர் ஏற்படும்.

மீனவர் ஊரான கோவளத்தின் கடற்கரை 2021-இல் நீலக்கொடிச் சான்று பெற்றது. நீரின் தூய்மை, பாதுகாப்பு, சுற்றுச்சூழல் மேலாண்மை உள்ளிட்ட 33 அளவுகோல்களின் அடிப்படையில் வழங்கப்படும் பன்னாட்டுச் சான்று இது. தெற்கே வடநெம்மேலியில், அருகிவந்த முதலை இனங்களைப் பெருக்கும் நோக்கில் ரோமுலஸ் விட்டேக்கரும் சாய் விட்டேக்கரும் 1976-இல் முதலைப் பண்ணையை நிறுவினர். ஆய்வுக்காகவும் இனப்பெருக்கத்திற்காகவும் தொடங்கிய அவ்விடமும் இன்று குடும்பங்கள் சென்றுவரும் சுற்றுலா இடமாகியுள்ளது.

மாமல்லபுரம்

பல்லவர் கால நினைவுச்சின்னங்கள் 1984-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக யுனெஸ்கோவால் அறிவிக்கப்பட்டன. கடற்கரைக் கோயில், ஐந்து ரதங்கள் ஆகியவற்றுக்கு நுழைவுக் கட்டணம் இருந்தபோதும், 'வெண்ணெய் உருண்டை' என்னும் பெரும்பாறை நிற்கும் சரிவு கட்டணமின்றித் திறந்திருந்தது. பாறைச் சரிவில் சிறுவர் சறுக்கி விளையாடுவது வழக்கம். 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் இங்குச் சந்தித்த பின், அவ்விடத்திற்கும் கட்டணம் விதிக்கப்பட்டது. தொல்லியல் பராமரிப்புக்குப் பணம் தேவை. அதேவேளை, உள்ளூர்ச் சிறுவருக்கு விளையாட்டிடமாக இருந்த வெளி, கட்டணச் சீட்டு பெற்று நுழையும் இடமாயிற்று.

இன்றைய நிலை

சென்னை தெற்கு நோக்கி விரிவதால் இவ்வெளிகளின் எல்லைகள் நெருக்கடிக்கு உள்ளாகின்றன. வண்டலூர்ப் பூங்காவுக்கு அருகிலுள்ள கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பர் 30 அன்று பெரும் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. பூங்காவுக்குச் செல்வது எளிதாயிற்று. சுற்றுவட்டாரத்தில் போக்குவரத்தும் பெருகியது. வேடந்தாங்கல் சரணாலய எல்லையை 5 கிலோமீட்டரிலிருந்து 3 கிலோமீட்டராகக் குறைக்கும் முன்மொழிவு 2020-இல் வெளிவந்தபோது சூழலியல் ஆர்வலர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு எழுந்தது. பார்வையாளர் காண்பது ஏரியையும் கண்காணிப்புக் கோபுரத்தையும் மட்டுமே. பறவைகளுக்கு உணவளிப்பது அவற்றுக்கு அப்பாலுள்ள வயல்வெளி. ஏரியை மட்டும் வேலியிட்டுக் காத்து, வயல்களைக் கைவிட்டால் சரணாலயம் நிலைக்காது.

பார்வையிடும் காலம்

வேடந்தாங்கலுக்கு நவம்பர் முதல் மார்ச் வரை ஏற்ற காலம். வண்டலூர்ப் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமையும் முதலைப் பண்ணைக்குத் திங்கட்கிழமையும் விடுமுறை. வேடந்தாங்கலுக்குச் செல்வோர் நாள்காட்டியோடு அவ்வாண்டின் மழையளவையும் பார்க்க வேண்டும். பருவமழை பொய்த்து ஏரி நிரம்பாத ஆண்டுகளில் பறவைகளின் வரவும் குறைந்துவிடும்.