பட்டத்தைக் கடைசியில் சொல்லுங்க

கல்முனையில மென்பொருள் எழுதுற இளம் ஆக்கள் கூடுற ஒரு சின்ன மாநாட்டுக்கு, பேச்சாளர்களை அறிமுகம் செய்யிற வேலை எங்கட தலையில விழுந்தது. எங்கட ஊர்க் கூட்டங்களில அறிமுகவுரை எப்படி இருக்கும் எண்டு உங்களுக்குத் தெரியும். படிச்ச பாடசாலையில தொடங்கி, பட்டம், பதவி, சங்கத் தலைமை, வாங்கின விருது எண்டு போய்ப் பொன்னாடையில முடியும். பேச வந்தவருக்கு மிஞ்சுறது பத்து நிமிசம்.

இதை வேற மாதிரிச் செய்யலாமா எண்டு யோசிச்சபோதுதான், தமிழ்க் கணினி மாநாடுகள் தொடங்கின கதையைத் தேடி வாசிச்சோம்.

முதலாவது மாநாடு 1997 மே மாதம் சிங்கப்பூரில நடந்தது. அந்த நேரம் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு, 1995 ஒக்டோபரில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கினதிலிருந்து கணக்குப் பார்த்தாலும், ரெண்டு வயசு நிறையவில்லை. மாநாட்டை முன்னின்று நடத்தினவர் நா. கோவிந்தசாமி. அவர் சிறுகதை எழுத்தாளர், ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற விரிவுரையாளர். 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகளை நாலு மொழிகளில் இணையத்தில் ஏற்றினபோது, தமிழ்ப் பக்கம் திரையில் தெரியிறதுக்கு உழைத்தவர் அவர்தான்.

அந்தக் காலத்தில் இந்த வேலையைத் தூக்கிச் சுமந்த மற்றவர்களையும் பாருங்க. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இருந்த கு. கல்யாணசுந்தரம் ஒரு இரசாயனவியல் ஆய்வாளர். ‘மயிலை’ எழுத்துருவைச் செய்து இலவசமாகக் கொடுத்தார். 1998 பொங்கலோடு மதுரைத் திட்டத்தைத் தொடங்கி, பழைய நூல்களைத் தன்னார்வலர்களைக் கொண்டு தட்டச்சு செய்து இணையத்தில் வைத்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இலேயே ‘முரசு’ செய்துவிட்டார். கனடாவில் ஸ்ரீநிவாசன் ‘ஆதமி’ செய்தார். பட்டத்தை மட்டும் வாசித்து அறிமுகம் செய்திருந்தால், ஒரு இரசாயன ஆய்வாளர் தமிழ் எழுத்துக்கு ஏன் மினக்கெடுறார் எண்டு சபைக்கு விளங்கியிருக்காது.

அவங்களைச் சேர்த்து வைச்சது ஒரு பிரச்சினை. கணினிக்கு எழுத்துத் தெரியாது, இலக்கம்தான் தெரியும். எந்த இலக்கத்துக்கு எந்த எழுத்து எண்டு எல்லாரும் ஒத்துக்கொள்ள வேணும். தமிழில ஒவ்வொரு எழுத்துரு செய்தவரும் தன்ட விருப்பத்துக்கு எழுத்துக்களை அடுக்கி வைச்சிருந்தார். எங்கட நாட்டில இன்னும் புழங்குற பாமினியை எடுங்க. அதில ‘உம்மா’ எண்டு அடிச்சதை பாமினி இல்லாத கணினியில திறந்தா, சீ, கே, ஒரு அரைப்புள்ளி, திரும்பக் கே, எச் எண்டு ஆங்கில எழுத்துத்தான் நிற்கும். ஒருவர் அனுப்பின கடிதம் மற்றவருக்குக் குப்பை. (எங்கட மாநாட்டு அழைப்பிதழும் அச்சகத்தில பாமினியிலதான் அடிபட்டது. அதை அப்படியே வெட்டிப் பேஸ்புக்கில ஒட்டினவர் பட்ட பாட்டை எழுதினா இன்னொரு கட்டுரை வேணும்.)

1999 பெப்ரவரியில் சென்னையில் ரெண்டாவது மாநாடு. தமிழ்99 விசைப்பலகையும், டாம், டாப் எண்ட எழுத்துக் குறியாக்கங்களும் அதிலிருந்து வந்தவை. மின்னஞ்சல் குழுவில விவாதிச்சு உருவாக்கின டிஸ்கி வேறொரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. யூனிகோடில 1991இலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியாச்சு, ஆனா அதைக் காட்டுற கணினி சாதாரண ஆக்கள் கையில இல்லை. விண்டோஸ் 2000 வந்த பிறகுதான் அந்தக் கதவு மெல்லத் திறந்தது. சண்டை நிறைய நடந்திருக்கு. எங்களுக்கு அதுதான் பிடிச்சிருந்தது. சும்மா பாராட்டிக்கொள்ள வந்த கூட்டமா இருந்தா ஒரு தரமும் பிறந்திருக்காது.

மூன்றாவது மாநாடு கொழும்பில நடக்க இருந்தது. 2000ஆம் ஆண்டு. அந்த ஏப்ரலில் ஆனையிறவு வீழ்ந்தது, நாடு முழுக்க யுத்தம்தான் பேச்சு. மாநாடு சிங்கப்பூருக்குப் போய் ஜூலையில் நடந்தது. ‘உத்தமம்’ எண்டு சுருக்கிச் சொல்ற உலகத் தமிழ் தகவல் தொழில்நுட்ப மன்றம் அங்கதான் உருவானது. கொழும்பில நடந்திருந்தா எங்கட கரையிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆக்கள் போயிருப்பாங்களா எண்டு எங்களுக்குள்ள வாதம். ஒரு ஆளாவது போயிருப்பார் எண்டு நாங்க நம்புறோம். இலங்கைக்கான தமிழ் விசைப்பலகைத் தரம் வெளியாக 2008 ஆகிவிட்டது.

ஆனா எங்கட கரைக்கு மென்பொருள் வரலாற்றில இடமே இல்லை எண்டும் சொல்ல ஏலாது. 2004 டிசம்பர் 26. நாட்டிலேயே கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம், பத்தாயிரத்துக்கு மேல். அந்தச் சுனாமிக்குப் பிறகு இலங்கை மென்பொருளாளர்கள் தன்னார்வமாக இருந்து எழுதினதுதான் ‘சஹானா’. காணாமல் போனவர் யார், எந்த முகாமில எத்தனை பேர், எந்த நிறுவனம் எங்க உதவுது எண்டு பதிவு செய்யிற திறந்த மூல மென்பொருள். 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும், 2010இல் ஹெய்ட்டியிலும் அது பயன்பட்டது. சுனாமி நேரம் எங்களில பலர் கைக்குழந்தைகள், சிலர் பிறக்கவே இல்லை. அதை எழுதினவங்களை எங்கட ஊர் மேடையில அறிமுகம் செய்யிறதெண்டா, பட்டத்தில தொடங்க எங்களுக்கு வாய் வராது.

அதனால இப்படி முடிவெடுத்தோம். ஒவ்வொருத்தரிட்டயும் ரெண்டே கேள்வி: என்ன வேலை செய்யாமல் கிடந்தது, அது ஆருக்குத் தேவைப்பட்டது?

நிந்தவூரிலிருந்து வாற ஒரு தங்கச்சிக்கு நாங்க எழுதின அறிமுகம் இது: “நெல் விற்க வாற விவசாயிக்கு ஆங்கிலத்தில துண்டு கொடுக்கிறாங்க. இவ அதைத் தமிழில அடிக்கப் பார்த்தா. ரசீது மெசினுக்குத் தமிழ் தெரியல்ல, பெட்டி பெட்டியா அடிச்சுது. எழுத்தை எழுத்தா அனுப்பாம, படமாக்கி அனுப்பினா. இப்ப தமிழ்த் துண்டு வருது.” அவ்வளவுதான்.

வாசிச்சுக் காட்டினோம். அவவுக்குச் சந்தோசம். கொஞ்சம் பொறுத்து, “நல்லாயிருக்கு காக்கா, ஆனா பட்டத்தையும் ஒருக்காச் சொல்லிருங்க. வாப்பா முன்வரிசையில இருப்பார்” எண்டா.

கடைசி வரியாகச் சேர்த்திருக்கோம்.