கலப்பத்து அடிக்காத கப்பல்கள்: கணினி வலைக்கு ஒரு சின்ன வரலாறு

தொண்டைமானாற்றுத் தடுப்பணையின் வேலையைச் சொல்வது லேசு. மழைநீர் வீணாகக் கடலுக்கு ஓடக்கூடாது, கடல்நீர் வடமராட்சிக் கடல்நீரேரிக்குள் ஏறக்கூடாது. 1950களில் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டம், ஆனையிறவுப் பக்கத்து நீரை முள்ளியான் வாய்க்காலால் வடமராட்சிக்குக் கொண்டுவந்து, ஏரிகளை நன்னீராக்கப் பார்த்தது. அந்தத் திட்டத்துக்கு வடக்கு வாசல் இந்த அணைதான். ஆனால் பழைய அணையின் பலகைக் கதவுகள் பழுதானபோது உப்புநீர் உள்ளே வந்தது. சுவர் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், தண்ணீர் தேடிப் போவது இடுக்கைத்தான்.

இப்படியொரு அணையைச் சுற்றித் தண்ணீர் எப்படி ஓடும் எண்டு இண்டைக்கு மடிக்கணினியிலேயே கணக்குப் போடலாம். முதலில் 'கேட்' மென்பொருளில் அணையை வரைய வேண்டும். பிறகு தண்ணீர் நிற்கும் இடத்தை லட்சக்கணக்கான சின்னச் செல்களாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது எண்டு கணினி பார்க்கும். இந்தச் செல்களின் கூட்டத்தைத்தான் மெஷ், அதாவது வலை என்கிறோம். இதைப் பழகத் தொடங்கும் எவரும் முதலில் முட்டி நிற்பது ஓட்டக் கணக்கில் இல்லை, வலை போடுவதில். ஏன் இப்படி? பதில் மென்பொருளின் வரலாற்றில் இருக்கிறது.

வலை போட்டுக் கணக்குப் பார்த்த முன்னோடி லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன். ஐரோப்பாவின் மேலே இருக்கும் காற்றைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, 1910 மே 20ஆம் திகதியின் ஆறு மணிநேர வானிலையைக் கையாலேயே கணித்தார். அதை 1922இல் புத்தகமாக வெளியிட்டார். காற்றழுத்தம் 145 மில்லிபார் மாறும் எண்டு விடை வந்தது. நிஜத்தில் அழுத்தம் பெரிதாக மாறவேயில்லை. முறையில் பிழை இல்லை, தொடக்கத்தில் போட்ட தரவுகள் ஒன்றோடொன்று இசையாமல் இருந்ததுதான் காரணம் எண்டு பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள். உள்ளே போடுவது சரியில்லையெண்டால் கணக்கைக் குறை சொல்லிப் பயனில்லை.

எங்களுக்கு உள்ளே போடும் பொருள் கேட் மாதிரி. அதன் வளைகோடுகளுக்கு 'ஸ்பிளைன்' எண்டு பெயர். கப்பல் கட்டுமிடங்களில் உடலின் வளைவை வரையப் பயன்பட்ட மெல்லிய மரச்சலாகையின் பெயர் அது. 1946இல் கணிதவியலாளர் ஷோன்பெர்க் அந்தப் பெயரைக் கணிதத்துக்குள் கொண்டுவந்தார். 1959இல் சித்ரோன் கார் நிறுவனத்தில் காஸ்டெல்ஜோவும், 1960களில் ரெனோவில் பெசியரும் வளைவுகளைச் சூத்திரமாக்கினார்கள். நோக்கம், தகட்டையும் அச்சையும் அந்த வளைவுக்கு வெட்டுவது. தகடு வெட்டும்போது இரண்டு பரப்புகளுக்கு நடுவில் மயிரிழை இடைவெளி இருந்தால் ஒருவரும் கவலைப்படமாட்டார்கள்.

கப்பல் கட்டுவதில் இன்னொரு பாதியும் உண்டு. தொண்டைமானாற்றுக்குப் பக்கத்து வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம்வரை போனது. நல்ல வளைவு மட்டும் ஒரு கப்பலை அவ்வளவு தூரம் கொண்டுபோகாது. பலகை இடுக்குகளை அடைக்கும் கலப்பத்து வேலையும் வேண்டும். கேட் மென்பொருள் சலாகையை வாரிசாகப் பெற்றது, கலப்பத்தைப் பெறவில்லை.

இது சோம்பலால் வந்த குறையில்லை. கார் உடலில் வரும் சாதாரண முப்படி வளைபரப்புகள் இரண்டு சந்திக்கும் கோட்டைத் துல்லியமாக எழுதினால், அது 324ஆம் படிச் சமன்பாடு வரை போகும். அதனால் எல்லா மென்பொருளும் அந்தக் கோட்டைத் தோராயமாகவே வைக்கின்றன. 'இவ்வளவு தூரத்துக்குள் இருந்தால் ஒட்டியதாக எடுத்துக்கொள்' எண்டு ஒரு அளவும் இருக்கும். அந்த அளவு மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். கோப்பு கைமாறும்போது ஒட்டியிருந்தது பிரிகிறது. கோப்புகளைப் பொதுவாக்க 1980இல் ஐஜெஸ், 1994இல் ஸ்டெப் எண்டு தரங்கள் வந்தன. பிரச்சினை குறைந்ததே தவிரப் போகவில்லை. 1986இல் ஜேம்சனின் குழு முழு போயிங் 747ஐச் சுற்றி நான்முகி வலை போட்டுக் காட்டியது. ஆனாலும், வலை போடுவதுதான் இன்னும் பெரிய முட்டுக்கட்டை எண்டு 2014இல் நாசா வெளியிட்ட '2030 நோக்கு' அறிக்கையும் சொன்னது.

ஆகவே வலை உடைந்தால் முதலில் வடிவத்தைப் பாருங்கள். 'ஓப்பன்ஃபோம்' இலவசம், நாங்கள் அதையே எடுத்துக்கொள்வோம்.

ஒன்று, அலகு. எஸ்டிஎல் கோப்பில் அலகு எழுதப்படாது. மில்லிமீற்றரில் வரைந்ததை மென்பொருள் மீற்றராக வாசித்தால் அணை ஆயிரம் மடங்கு பெருத்துவிடும்.

இரண்டு, ஒழுக்கு. எந்தப் பக்கம் தண்ணீர் எண்டு ஒரு புள்ளியால் காட்டுகிறோம். செல்லைவிடப் பெரிய ஓட்டை இருந்தால் வலை அதால் வழிந்து, சுவரின் மறுபக்கத்தையும் நிரப்பிவிடும். ஓட்டை செல்லைவிடச் சின்னதெண்டால் தெரியாது. செல்லைச் சின்னதாக்கும் நாளில் திடீரெண்டு ஒழுகும். முதல்நாள் ஓடியது இண்டைக்கு ஏன் ஓடவில்லை எண்ட கேள்விக்குப் பலமுறை இதுதான் பதில்.

மூன்று, தேவையில்லாத நுணுக்கம். கதவின் ஆணித்தலையை வரைந்து வைத்தால் அதைச் சுற்றியே செல்கள் குவியும். ஓட்டத்தைப் பாதிக்காததை அழித்துவிடலாம்.

நான்கு, செல்லின் கோணல். 'செக்மெஷ்' கட்டளை 70 பாகைக்கு மேல் சரிந்த முகங்களை எண்ணிச் சொல்லும். அவை எங்கே கூடுகின்றனவோ, அங்கே வடிவத்தில் ஏதோ கூர்மையோ சிராயோ இருக்கும்.

தானாகவே ஓட்டை அடைக்கும் கருவிகளும் உண்டு. கவனமாக இருக்க வேண்டியது இங்கேதான். வரைபடத்தில் இரண்டு வகை இடுக்கு இருக்கலாம். ஒன்று மென்பொருள் தோராயத்தால் விழுந்தது. மற்றது கதவின் அடியில் உண்மையாகவே இருப்பது, உப்பு வரும் வழி. கருவிக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டையும் அடைத்துவிட்டு, ஏரிக்குள் உப்பே வராது எண்டு அழகான நிறப்படம் காட்டும். சுண்ணாம்புக்கல்லுக்குள் உப்புநீரின் மேல் மிதக்கும் நன்னீரை நம்பிக் கிணறு வெட்டியிருக்கிற ஊர்களுக்கு அந்தப் படம் ஆபத்து.

எந்த இடுக்கை அடைப்பது, எதை விடுவது எண்டு திரையைப் பார்த்து முடிவெடுக்க முடியாது. அணையடிக்குப் போய்க் கதவைப் பார்த்தவரும், அதை ஏற்றி இறக்கும் தொழிலாளியிடம் கேட்டவரும்தான் அதைச் சொல்லலாம்.